வெளிநாட்டில் கல்விப் பணி செய்ய ஆசை: பெங்களூரிலிருந்து எந்த வழியில் போவது?

வேலையை விட்டுவிட்டு நேபாளத்துக்கோ ஜாம்பியாவுக்கோ இலங்கை மலையகத்துக்கோ போய், அங்குள்ள குழந்தைகளின் படிப்புக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் ஸ்காலர்ஷிப்பையும் விசாவையும்தான். அந்த வரிசை தவறு என்பது எங்கள் கருத்து. போகிற ஊரில் என்ன வேலைக்கு ஆள் வேண்டும், அந்த வேலை நமக்குக் கைவந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டம் அதற்கு அடுத்து. விசா கடைசி.

பெங்களூரில் வாழும் 22 முதல் 30 வயதுத் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கையில் ஒரு பட்டம், பலருக்கு ஐடி வேலை, சிலருக்கு பி.எட்., வீட்டில் ‘நல்ல வேலைய விட்டுட்டு எங்க போகப் போற’ என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்ல முடிய வேண்டும்.

அங்கே உண்மையில் என்ன வேலை

மும்பையில் 1995-இல் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, வகுப்பைப் பார்க்காமல் குழந்தையின் வாசிப்பு நிலையைப் பார்த்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தது. குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பை அதே அமைப்பு 2005-இல் தொடங்கியது, அது எல்லைகளைத் தாண்டிப் போனது. 2009 முதல் கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றிலும் ‘உவேசோ’ என்ற பெயரில் அதே மாதிரியான வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு நடந்தது. ஜாம்பியாவில் 3 முதல் 5-ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கான ‘கேட்ச் அப்’ திட்டமும் பிரதம் முறையிலிருந்து கிளைத்ததுதான். மும்பையின் குடிசைப் பகுதிகளில் பழகிய ஒரு முறைக்கு ஆப்பிரிக்காவில் ஆள் தேவைப்படுகிறது என்றால், அந்த முறை தெரிந்தவருக்கு அங்கே வேலை இருக்கிறது என்று பொருள்.

அந்த முறையின் முதல் படியைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு தாளில் நான்கு கட்டங்கள்: எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு கதை. பத்தி 1-ஆம் வகுப்புத் தரம், கதை 2-ஆம் வகுப்புத் தரம். குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பத்தியில் ஆரம்பிக்க வேண்டும். தடுமாறாமல், மூன்று தவறுகளுக்கு மேல் போகாமல், வாக்கியமாக வாசித்தால் கதையைக் கொடுக்க வேண்டும். சொல் சொல்லாகத் திக்கினால் சொற்கள் பக்கம் போக வேண்டும். குழந்தையே ஐந்து சொற்களைத் தேர்ந்தெடுக்கும், நான்கு சரியாக வந்தால் அது ‘சொல்’ நிலை. அதுவும் முடியாவிட்டால் எழுத்துகள், அதே கணக்கு. ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். முப்பது பேர் உள்ள வகுப்புக்கு இரண்டரை மணி நேரம்.

எளிதாகத்தான் தெரியும். கெடுவது எங்கே என்றால், சோதிப்பவர் தன்னை அறியாமல் முதல் ஒலியை உதட்டில் காட்டிவிடுவார். குழந்தை மீதியை ஊகித்துச் சொல்லிவிடும். தாளில் ‘பத்தி நிலை’ என்று விழும், ஆனால் அந்தக் குழந்தைக்குச் சொல்கூட வராது. அடுத்த இரண்டு மாதம் அது தவறான குழுவில் உட்கார்ந்து எதுவும் புரியாமல் தலையாட்டும். இன்னொரு இடைஞ்சல்: 5-ஆம் வகுப்புப் பையனை 3-ஆம் வகுப்புக் குழந்தைகளோடு ஒரே குழுவில் உட்கார வைக்கும்போது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அது பிடிப்பதில்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரம் வேறு. இதையெல்லாம் ஒரு தலைமை ஆசிரியரிடம் பேசிச் சரிக்கட்டத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். அதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது.

மொழியையும் யோசிக்க வேண்டும். ஜாம்பியாவில் தொடக்க வகுப்புகளில் பெம்பா, நியான்ஜா, டோங்கா என ஏழு வட்டார மொழிகள் பயிற்றுமொழியாக இருந்து வந்திருக்கின்றன. அங்கே போகும் நீங்கள் ஒரு குழந்தைக்கு நேரடியாக வாசிக்கக் கற்றுத்தரப் போவதில்லை. அதை அந்த ஊர் ஆசிரியர்தான் செய்வார். நீங்கள் அவருக்குப் பின்னால் நிற்பீர்கள்: பயிற்சி அளிப்பவருக்குப் பயிற்சி, வகுப்பைக் கவனித்துக் குறிப்பு எழுதுதல், தரவைச் சரிபார்த்தல், பாடப்பொருள் தயாரித்தல். ‘குழந்தைகளோடு இருக்க வேண்டும்’ என்பது மட்டுமே ஆசை என்றால் அதற்கு மொழி தெரிந்த ஊரே சரி. இதை முதலிலேயே மனதில் தெளிவாக்கிக் கொள்வது நல்லது, ஏனென்றால் இந்தத் துறையில் ஏமாற்றம் அதிகம் வருவது இங்கேதான்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் ஒரு பலம் உண்டு, அதைப் பலர் பலமாக நினைப்பதே இல்லை. சிவாஜிநகர், மர்ஃபி டவுன் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வீட்டில் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி பேசும் குழந்தைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். கரும்பலகையில் கன்னடம் இருக்கும். வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறாக இருக்கும் குழந்தைக்கு வாசிப்பு எப்படி வருகிறது, எங்கே முட்டிக்கொள்கிறது என்பதை இங்கே நேரில் பார்த்துப் பழகியவருக்கு ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவின் வகுப்பறை அந்நியமாக இருக்காது.

கடன் வாங்கி வெளிநாட்டு முதுகலை

அதிகம் பேர் முதலில் நினைக்கும் வழி இது. எங்கள் பார்வையில் இந்தத் துறைக்கு மிகவும் பொருந்தாத வழியும் இதுவே. கணக்கைப் பாருங்கள்.

பிரிட்டனில் ஓராண்டு வளர்ச்சியியல் அல்லது கல்வியியல் முதுகலை. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்து 40 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம், வட்டி 11 சதவீதம். படிப்பு ஓராண்டு, அதன்பின் ஆறு மாதம் தவணை விலக்கு. அந்த 18 மாதத்தில் வட்டி மட்டும் சுமார் 6.6 லட்சம் ஏறியிருக்கும். 46.6 லட்சத்தைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 64,000 ரூபாய். பதினைந்தாண்டாக நீட்டினாலும் ஏறக்குறைய 53,000 ரூபாய் வரும். நம் ஊரில் தொண்டு நிறுவனத்தில் தொடக்கநிலை வேலைக்கு வந்தால், பலருக்கு மொத்தச் சம்பளமே அந்தத் தவணைக்குப் போதாது.

அங்கேயே வேலை தேடலாமே என்றால், படிப்புக்குப் பின் தங்கும் விசா இரண்டாண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதன்பின் திறன்சார் பணி விசாவுக்கு மாற ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுண்டு இருக்க வேண்டும். புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்குச் சலுகை உண்டு, ஆனாலும் சிறிய தொண்டு நிறுவனங்கள் விசா ஸ்பான்சர் உரிமம் வாங்கி வைத்திருப்பது அரிது. கடைசியில் பலர் கடனை அடைப்பதற்காகக் கார்ப்பரேட் வேலைக்குப் போகிறார்கள். ஆசைப்பட்டது ஒன்று, கடன் இழுத்துக்கொண்டு போனது வேறிடம்.

குடும்பச் சொத்தில் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மற்றவர்களுக்கு இது பொருந்தும். வீட்டை அடமானம் வைத்துப் போக வேண்டிய நிலை என்றால், தயவுசெய்து அடுத்த வழியைப் பாருங்கள்.

முழு உதவித்தொகையில் முதுகலை

அதே பட்டம், அதே பல்கலைக்கழகம், கடன் இல்லாமல். இது சிறந்த வழி. ஆனால் கல்லூரி முடித்த கையோடு எல்லோருக்கும் திறக்காத கதவு, ஏனென்றால் முக்கியமான உதவித்தொகைகள் பலவும் வேலை அனுபவம் கேட்கின்றன.

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை 2,800 மணி நேர அனுபவம் கேட்கிறது. வாரம் 35 மணி நேரம் என்றால் 80 வாரம். ஊதியம் இல்லாத தொண்டும், பகுதிநேர வேலையும் கணக்கில் சேரும். விண்ணப்பம் ஆகஸ்ட் வாக்கில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடுவது வழக்கம். படித்து முடித்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ‘படித்துவிட்டு நேரே ஆப்பிரிக்கா’ என்று திட்டமிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கு என்றே நடத்தும் முதுகலை உதவித்தொகை குறைந்தது இரண்டாண்டு அனுபவமும், பட்டம் வாங்கி ஆறாண்டுக்கு மேல் ஆகாமல் இருப்பதையும் கேட்கிறது. அமெரிக்காவில் முதுகலை படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் உதவித்தொகை மூன்றாண்டு அனுபவமும், அமெரிக்காவின் நான்காண்டு இளநிலைக்கு நிகரான படிப்பும் கேட்கிறது. நம் மூன்றாண்டு பி.காம்., பி.எஸ்சி. மட்டும் அதற்குப் போதாது. பிரிட்டனில் அந்தச் சிக்கல் இல்லை.

அனுபவமே இல்லாமல் இருப்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலை நல்ல வாய்ப்பு. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம், கல்விக் கட்டணம் இல்லை, இரண்டு மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிப்பு. பெரும்பாலான பாடங்களுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பக் காலம்.

பட்டியல் இனக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை விட்டுவிடக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், முந்தைய தகுதிப் படிப்பில் 60 சதவீத மதிப்பெண் என்பவை அடிப்படை நிபந்தனைகள். பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பட்டியல் இனப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பத்தின் சான்றிதழ் தமிழ்நாட்டுப் பூர்வீகத்தைக் காட்டினால், மத்தியத் திட்டத்துக்கு அது உதவும். கர்நாடக அரசின் சொந்தத் திட்டத்துக்கு மறுக்கப்படலாம். இதைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொள்வதால் வாய்ப்பு போகிறது. தாலுகா அலுவலகத்தில் ஆறு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

தேர்வுக் குழுவின் முன் எது எடுபடும்? ‘சேவை செய்ய ஆசை’ என்ற கட்டுரைகள் அவர்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கும். ‘ஒரு பள்ளியில் 62 குழந்தைகளைச் சோதித்தேன், 40 பேர் எழுத்து நிலையில் இருந்தார்கள், ஐந்து மாதம் கழித்து அந்த எண்ணிக்கை இவ்வளவு, முன்னேறாதவர்கள் யார், ஏன்’ என்று எழுதக்கூடியவர்கள் குறைவு. அப்படி எழுத வேண்டுமானால் அதை உண்மையில் செய்திருக்க வேண்டும். அதனால்தான் அடுத்த வழியை நாங்கள் முதல் வழியாகச் சொல்கிறோம்.

முதலில் இங்கே இரண்டாண்டு

இதில் இரண்டு கிளை. ஒன்று ஃபெலோஷிப். டீச் ஃபார் இந்தியா 2009-இல் தொடங்கியது; பட்டதாரிகள் இரண்டாண்டு முழுநேரமாக, வருமானம் குறைந்த குடும்பக் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் வகுப்பாசிரியராக இருக்க வேண்டும். பெங்களூரு, மும்பை, டெல்லி மூன்றிலும் வகுப்புகள் உண்டு. இதன் சர்வதேச வலையமைப்பான டீச் ஃபார் ஆல் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது என்பது வெளிநாடு போக நினைப்பவருக்கு நேரடிப் பயன். பிரமல் அறக்கட்டளையின் காந்தி ஃபெலோஷிப்பும் இரண்டாண்டுதான், ஆனால் வேலை வேறு: தலைமை ஆசிரியர், வட்டார அதிகாரிகளோடு சேர்ந்து அரசுப் பள்ளி அமைப்பை மேம்படுத்துவது, பெரும்பாலும் பெருநகருக்கு வெளியே. மேலே சொன்ன ‘ஆசிரியருக்குப் பின்னால் நிற்கும்’ வேலைக்கு இது இன்னும் நெருக்கமான பயிற்சி. உதவித்தொகை ஐடி சம்பளத்தில் ஒரு பகுதிதான் வரும். அதனால் சேருவதற்கு முன் ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பும், நடப்பில் எந்தக் கடனும் இல்லாத நிலையும் வேண்டும். கிரெடிட் கார்டு நிலுவையோடு ஃபெலோஷிப்பில் சேர்ந்தால் நடுவில் விட நேரலாம்.

இரண்டாவது கிளை, இங்கேயே முதுகலை. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2010-இல் கர்நாடகச் சட்டத்தால் உருவானது. சர்ஜாபூர் பக்கம் வளாகம். கல்வி, வளர்ச்சி இரண்டிலும் இரண்டாண்டு எம்.ஏ. உண்டு, களப்பயிற்சி பாடத்தின் பகுதி. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் முழு விலக்கு வரை உதவி கிடைக்கும் என்பதால் விளம்பரக் கட்டணத்தைப் பார்த்துப் பயந்து விலகிவிடாதீர்கள். மும்பை தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936 முதல் சமூகப் பணி கற்பிக்கிறது. நுழைவு இப்போது பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு (CUET) வழியாக. டெல்லியில் சார்க் நாடுகளுக்காக அமைந்த தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் நேபாளம், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மாணவர்கள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். நேபாளத்தில் வேலை செய்ய விரும்புபவருக்கு அந்த வகுப்பறை நண்பர்கள்தான் பின்னாளில் வழிகாட்டிகள்.

ஃபெலோஷிப்பா, எம்.ஏ.வா? வகுப்பறையையே உள்ளே போய்ப் பார்க்காதவர் ஃபெலோஷிப்பில் சேரட்டும். பி.எட். முடித்து இரண்டு மூன்று ஆண்டு பாடம் நடத்தியவர் எம்.ஏ. சேரட்டும், அவருக்கு அனுபவம் இருக்கிறது, அதை அடுக்கிப் பார்க்கக் கோட்பாடு வேண்டும். வேலையை விடவே முடியாத குடும்பச் சூழல் உள்ளவர், பெங்களூரிலேயே 2000 முதல் இயங்கும் அக்ஷரா அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் களப்பணியோடு சேர்த்து இக்னோவின் தொலைநிலை எம்.ஏ. கல்வியியலைப் படிக்கலாம். மெதுவான வழிதான். சனிக்கிழமை நான்கு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 200 மணிதான் சேரும். 2,800 மணிக்கு 14 ஆண்டு. செவனிங்குக்கு ஐடி வேலை நேரமும் எண்ணிக்கையில் சேரும் என்றாலும், ‘இந்தத் துறையில் என்ன செய்தீர்கள்’ என்ற கேள்விக்கு அந்த 200 மணிதான் பதில். அதை வீணாக்காமல், ஒரே பள்ளி, ஒரே குழந்தைகள், ஓராண்டு முழுக்க என்று கட்டிப்போட்டுச் செய்யுங்கள். வாரம் ஒரு பள்ளிக்குப் போய்ப் புகைப்படம் எடுத்து வருவதால் யாருக்கும் பயனில்லை.

ஐ.நா. தன்னார்வலர், சம்பள ஆசிரியர்

ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இல் ஐ.நா. பொதுச் சபை உருவாக்கியது; தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். பெயர்தான் தன்னார்வம், மாத வாழ்க்கைப் படி, பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் தருகிறார்கள். சர்வதேச ‘ஸ்பெஷலிஸ்ட்’ பிரிவுக்கு 27 வயதும் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். 18 முதல் 26 வயதுக்கு இளைஞர் பிரிவு தனி. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ‘ஐ.நா. வேலை’ என்று சொல்லி யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் அது மோசடி, அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. இதே திட்டத்தின் இணையவழிப் பிரிவில் வாரம் 20 மணி நேரம் வரை, 12 வாரம் வரை வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். பாடப்பொருள் மொழிபெயர்ப்பு, தரவு அலசல், இணையதளம் போன்றவை. ஐடிக்காரர்களுக்கு இது மிகப் பொருத்தமான முதல் படி. செலவில்லை, விசா இல்லை, ஒரு வெளிநாட்டு அமைப்போடு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

பி.எட். உள்ளவர்களுக்கு மாலத்தீவு வழி உண்டு. அங்குள்ள பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் பணிபுரிகிறார்கள். இது சம்பள வேலை; ஆனால் தலைநகருக்குத் தொலைவான தீவுகளில் இருக்கும் குழந்தைக்குக் கணித ஆசிரியர் கிடைப்பது எந்தத் தொண்டுக்கும் குறைந்ததல்ல. ஏஜென்ட் வழியாகப் போவதானால் வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் அவர் பதிவுபெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அதற்கு மேல் கேட்பவர், ரசீது தர மறுப்பவர், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்பவர் மூவரிடமிருந்தும் விலகுங்கள்.

இரண்டு வாரத் தன்னார்வப் பயணம்

வேண்டாம் என்பதே எங்கள் பதில். காசு கட்டி, இரண்டு வாரம் ஓர் அனாதை இல்லத்தில் குழந்தைகளோடு விளையாடிவிட்டு வரும் பயணங்களால் குழந்தைக்குத் தீமைதான். இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பல இடங்களில் வெளிநாட்டு விருந்தாளிகளின் பணம் வருவதால்தான் குழந்தைகள் வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்படுகிறார்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இது பெரிய சிக்கலாகி, 2018-இல் ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது. மாதம் ஒருமுறை புதிய ‘அக்கா’, புதிய ‘அண்ணா’ வந்து ஒட்டிக்கொண்டு பிறகு காணாமல் போவது அந்தக் குழந்தைகளின் மனதை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொந்த அமைப்பு தொடங்குவதும் பணம் அனுப்புவதும்

நண்பர்கள் சேர்ந்து பெங்களூரில் அறக்கட்டளை தொடங்கி, இங்கே நிதி திரட்டி, கென்யாவில் பள்ளி கட்டலாம் என்று திட்டம் போடுபவர்கள் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். பதிவு செய்வது சுலபம்: கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டம் 1960-இன்படி ஏழு பேர் போதும், அல்லது நிறுவனச் சட்டத்தின் பிரிவு 8-இன்படி லாப நோக்கமில்லாத நிறுவனமாகப் பதியலாம். இடிப்பது வருமான வரியில். இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்குள் செலவழித்தால்தான் வரிவிலக்கு. வெளிநாட்டில் செலவழிக்க மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி ஒப்புதல் வேண்டும். 1961 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 11(1)(சி) சொன்னது இதுதான். சிறிய அமைப்புக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும்; அதற்கு மூன்றாண்டு பழமையும் அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. எதிர்ப்பக்கத்திலும் விதிகள் உண்டு: நேபாளத்தில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் எதுவும் சமூக நலக் கவுன்சிலின் அனுமதியோடுதான் இயங்க வேண்டும். இவ்வளவையும் தூக்கிச் சுமப்பதைவிட, அங்கே ஏற்கெனவே நன்றாக இயங்கும் உள்ளூர் அமைப்புக்குக் கைகொடுப்பது நூறு மடங்கு பயன்.

தனி மனிதராகப் பணம் அனுப்பத் தடையில்லை. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் விதிப்படி நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வங்கியில் ஏ2 படிவம், பான், நோக்கக் குறியீடு வேண்டும். வெளிநாட்டு அறநிறுவனத்துக்கான நன்கொடைக்கு எஸ்1303. ‘குடும்பப் பராமரிப்பு’ என்ற குறியீட்டில் போட்டு அனுப்புவது தவறு, பின்னால் விளக்கம் கேட்டு வரும். இந்த நன்கொடைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் வங்கிக் கட்டணமும் மாற்று விகித இழப்பும் இருப்பதால், மாதம் 5,000 ரூபாய் அனுப்புவதைவிட ஆண்டுக்கு ஒருமுறை 60,000 ரூபாயாக அனுப்புவது மேல். பெற்றோரையும் தம்பி தங்கையையும் தாங்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒருவர் இந்த வழியைத் தேர்ந்தால் அதில் குறை எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் ஓர் உள்ளூர் ஆசிரியர் வேலையில் நிலைக்கிறார்.

தமிழே தகுதியாகும் இடம்

இலங்கை மலையகத் தோட்டப் பள்ளிகளில் தமிழ்வழியில் கணிதமும் அறிவியலும் கற்பிக்க ஆசிரியர் பற்றாக்குறை நெடுநாள் குறை. இங்கே நாம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் குழந்தையோடு பேச முடியும். ஆனால் பாடத்தமிழ் வேறு. நம் இயற்பியல் அங்கே பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல், ஆக்சிஜன் ஒட்சிசன், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு. வகுப்பு என்று சொல்லாமல் ‘தரம்’ என்பார்கள். தரம் 5-இல் புலமைப்பரிசில் பரீட்சை, பிறகு சாதாரண தரம், உயர் தரம் என்ற பொதுத் தேர்வுகள். ஆங்கிலவழியிலோ கன்னடவழியிலோ படித்த பெங்களூர்த் தமிழர்கள் பலருக்குப் பேச்சுத்தமிழ் சரளம், எழுத்து தடுமாறும். அப்படியானால் போவதற்கு ஆறு மாதம் முன்பே இலங்கைப் பாடநூல்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பழகுங்கள். அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க இடமும் கிடைக்கும். சுற்றுலா அனுமதியில் போய்ப் பள்ளியில் பாடம் எடுப்பது விதிமீறல். அழைக்கும் அமைப்பு உரிய விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

காகிதங்கள்

எந்த வழியில் போனாலும் தமிழர்களை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்துவது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ‘மு. செல்வி’, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி, ஆதாரில் ‘செல்வி முருகன்’. மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். குடும்பப்பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘பெயர் தெரியாது’ என்ற பொருள்படும் சுருக்கம் அச்சாகும். பல்கலைக்கழகப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அது தொடரும். விண்ணப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டையும் நிரப்பி மறுவெளியீடு வாங்கிவிடுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு ‘இருவரும் ஒருவரே’ என்ற நோட்டரி உறுதிமொழி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழ் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது என்றால், அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஆவணம் செல்வதற்கான வெளியுறவு அமைச்சக முத்திரை) வாங்குமுன் மாநிலச் சான்றொப்பம் சென்னையில்தான் ஆக வேண்டியிருக்கும். பெங்களூரில் இருந்தபடி ஒரே நாளில் முடியும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட வேண்டும், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு. அந்த மஞ்சள் அட்டை வாழ்நாள் முழுக்கச் செல்லும். நோய் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அட்டையைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டாலும் தப்பில்லை.

கடைசியாக அனுபவச் சான்றிதழ். ‘இவர் எங்கள் பள்ளியில் சிறப்பாகச் சேவை செய்தார்’ என்று இரண்டு வரி எழுதித் தந்தால் எந்த உதவித்தொகைக் குழுவுக்கும் அது போதாது. தொடங்கிய தேதி, முடித்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த வகுப்பு, என்ன பொறுப்பு எல்லாம் பள்ளியின் முகப்புத்தாளில் முத்திரையோடு வேண்டும். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் மாற்றலாகிப் போவார்கள்; புதிதாக வருபவருக்கு உங்களைத் தெரியாது. ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும், ஏப்ரல் விடுமுறைக்கு முன், அந்த ஆண்டுக்கான கடிதத்தைக் கையோடு வாங்கி வைத்துவிடுங்கள்.